சுழல்பணியும் எழுத்துப் பழக்கமும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியை முன்வைத்துத் தன்னெழுத்துத் திருத்தம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

படைப்பெழுத்தைத் தொடர்ந்து பழகுவதற்கும், எழுதியதை எழுதியவரே பிழை நீக்கிச் செம்மை செய்வதற்கும் கூறப்படும் வழிமுறைகள் பெரும்பாலும் நிலையான பொழுதும் தனிமையும் வாய்த்தவரை மனத்தில் கொண்டவை. வாரந்தோறும் பணிப்பொழுது மாறும் ஆலைத் தொழிலாளருக்கு அவை பொருந்துவதில்லை. தொல்காப்பிய மரபியலும் நன்னூற் பொதுப்பாயிரமும் கூறும் நூற்குற்றங்கள், ஆனந்தரங்கப் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் ஆகியோரின் எழுத்து வாழ்வு, ஆலையின் தரச்சோதனை முறை ஆகியவற்றை ஒருங்கு வைத்து, அத்தொழிலாளருக்கு இயலக்கூடிய பழக்கத்தையும் திருத்தமுறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: சுழல்பணி, எழுத்துப் பழக்கம், தன்னெழுத்துத் திருத்தம், பத்துக் குற்றம், குழூஉக்குறி, ஒற்றுப்பிழை.

முன்னுரை

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கிச் சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே ஒரகடம், வல்லம் வடகால் வரையிலும் பரந்துள்ள தொழிற்பூங்காக்கள் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தில் உருவானவை. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால்கொண்டது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் கூட்டு ஆலை இயங்கத் தொடங்கியது. ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த ஊர்கள் மூன்று ஷிப்டுகளின் ஊர்களாயின.

தொழிற்களம் சார்ந்த புனைவு தமிழுக்குப் புதிதன்று. கைத்தறிக்கு ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, திருப்பூர்ச் சாயத்தொழிலுக்குச் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’, திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்கு டி. செல்வராஜின் ‘தோல்’ என ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் வைத்துப் பேசும் அளவுக்கு இப்பகுதியின் ஆலை வாழ்வு உள்ளிருந்து எழுதப்படவில்லை. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்துப் பெண் தொழிலாளர் நெடுஞ்சாலையில் அமர்ந்தபோதும், அந்நிகழ்வு செய்தியாளரின் வாக்கியங்களில்தான் நம்மை வந்தடைந்தது. சீனத்தின் ஷென்சென் நகரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றி, 2014இல் தம் 24ஆம் வயதில் மறைந்த ஷூ லிட்சி என்னும் கவிஞரின் பாடல்கள் இன்று பல மொழிகளில் படிக்கப்படுகின்றன. அதே நிறுவனத்தின் ஆலை சுங்குவார்சத்திரத்திலும் உண்டு என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இக்கட்டுரையாளர் திருப்பெரும்புதூரில் வசிப்பவர். எழுத விரும்பும் ஆலைத் தொழிலாளர் சிலருடன், ஒருவரது வாடகை அறையில், இயலும் ஞாயிறுகளில் கூடிக் கையெழுத்துப்படிகளைப் படித்து வருகிறார். அவர்கள் விருப்பப்படி பெயர்களும் பணியிடங்களும் இங்குத் தவிர்க்கப்பட்டுள்ளன. கட்டுரையின் கருத்துகள் அவ்வாசிப்பிலிருந்து தோன்றியவை.

பொழுது நிலையற்றவரின் பழக்கம்

எழுத்துப் பழக்கம் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஒரு பொழுதைச் சுட்டித் தொடங்குகின்றன. ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் அஞ்சல்துறைப் பணிக்குச் செல்லுமுன் காலை ஐந்தரை மணிக்கு எழுத அமர்ந்ததையும், கடிகாரத்தை எதிரே வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதியதையும் தம் தன்வரலாற்றில் பதிந்துள்ளார். இதை எடுத்துக்காட்டாத எழுத்துப் பயிற்சி நூல் அரிது. டிரோலப்பின் அலுவலகம் நாள்தோறும் ஒரே நேரத்தில் திறந்தது என்பதை மட்டும் அந்நூல்கள் கவனிப்பதில்லை.

அகத்திணை மரபில் சிறுபொழுது ஒவ்வொரு நிலத்தின் ஒழுக்கத்தோடும் பிணைக்கப்பட்டுள்ளது. யாமம் குறிஞ்சிக்கும் மாலை முல்லைக்கும் உரியன. சுழல்பணியில் அப்பிணைப்பு அறுந்துவிடுகிறது. ஒருவருக்கு இவ்வாரம் வைகறை என்பது கம்பெனிப் பேருந்துக்கு ஓடும் நேரம். அடுத்த வாரம் அயர்ந்து உறங்கும் நேரம். அதற்கடுத்த வாரம் கண்ணெரியப் பணி முடிக்கும் நேரம். வைகறையில் எழுதுக என்று அவருக்குக் கூறுவது பயனற்றது. பழக்கம் தவறியதற்குத் தம் சோம்பலே காரணம் என்று அவர் எண்ணிக்கொள்வதே அவ்வறிவுரையால் விளையும் கேடு. எங்கள் வாசிப்பில் கலந்துகொண்டவருள் இருவர் அவ்வாறே எண்ணி எழுதுவதை முன்னர் நிறுத்தியிருந்தனர்.

எனவே பழக்கத்தைக் கடிகாரத்தோடு பிணைக்காமல், ஷிப்டு மாறினும் மாறாத ஒரு நிகழ்வோடு பிணைக்க வேண்டியுள்ளது. அத்தகைய நிகழ்வாகப் பேருந்துப் பயணம் அமைகிறது. எந்த ஷிப்டாயினும் பணி முடிந்தபின் பேருந்து உண்டு, இருக்கை உண்டு, அரைமணிக்குக் குறையாத நேரம் உண்டு. பல ஆலைகளில் கைபேசியை வாயிலில் ஒப்படைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். இத்தடை எழுத்துக்கு எதிரானது என்றே முதலில் தோன்றியது. ஆனால் குழுவிலுள்ள இளைஞர் ஒருவர் தம் கதையின் முதல் வாக்கியத்தை எட்டு மணிநேரம் மனத்திலேயே வைத்திருந்து பேருந்தில் எழுதியதைக் கூறினார். “சொல்லிக்கினே இருந்தா மறக்காதுண்ணா. தேவையில்லாத வார்த்த தானா உழுந்துடும்” என்பது அவர் விளக்கம். ஏட்டில் ஏறுமுன் வாயில் பழகிய செய்யுள் மரபை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது. எட்டு மணிநேரம் நினைவில் நின்ற வாக்கியம் ஒரு திருத்தத்தைக் கடந்தே வெளிவருகிறது.

அளவு குறித்து ஒரு சொல். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761 வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின் துபாஷியாகவும் வணிகராகவும் ஓயாது உழைத்தவர் அவர். அந்நாட்குறிப்பின் ஆங்கிலப் பெயர்ப்பே 12 தொகுதிகளாக விரிந்தது. அதில் இடைவெளிகள் உண்டு. சில நாள்களுக்கு ஓரிரு வரிகளே உண்டு. சில நாள்கள் பல பக்கங்களுக்கு நீள்கின்றன. விட்ட நாளுக்குப் பின் மீண்டும் எழுதியதே அதன் தொடர்ச்சியைக் காத்தது. எங்கள் குழு ஐந்து வாக்கியங்களை ஒரு பேருந்துப் பயணத்திற்குரிய அளவாக வைத்துக்கொண்டது. இரவு ஷிப்டு வாரத்தில் இரண்டாகக் குறைத்தது.

பிள்ளையின் எழுத்து அச்சை நோக்காதது. பேச்சு வழக்கோடு கலந்து ஓடுவது. அதுவே இன்று அதன் சிறப்பு. வாசகரை நோக்கி எழுதப்படும் கதைக்குப் பழக்கம் மட்டும் போதாது.

எழுதியவர் கண்ணும் சோதிப்பவர் கண்ணும்

ஆலையில் ஒரு பாகத்தைப் பொருத்தியவரே அதற்கு இறுதிச் சோதனை முத்திரை இடுவதில்லை. குறையுள்ள பாகம் ரீவொர்க்குக்குச் செல்லும். சோதனை செய்பவர் வேறொருவர். பொருத்தியவரின் நேர்மை மீதான ஐயம் இதற்குக் காரணமன்று. தாம் செய்ய எண்ணியதையே அவர் கண் காணும் என்பதே காரணம். எழுத்திலும் இவ்வாறே. விடுபட்ட சொல்லை எழுதியவரின் மனம் இட்டு நிரப்பிப் படித்துவிடுகிறது. இக்கருத்தை விளக்க இக்கட்டுரையாளர் பல சொற்பொழிவுகளைத் தேடியதுண்டு. தொழிலாளரோ “நம்ம லைன நாமளே பாஸ் பண்ண முடியாதில்ல” என்று ஒரே வரியில் முடித்துவிட்டனர்.

திருப்பெரும்புதூர் மண்ணிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. இராமாநுசர் தம் பாடியத்தைச் சொல்லக் கூரத்தாழ்வான் எழுதினார் என்றும், தமக்கு உடன்பாடில்லாத இடம் வந்தால் எழுதுவதை நிறுத்திவிடுமாறு ஆசிரியரே பணித்திருந்தார் என்றும் குருபரம்பரை மரபு கூறும். ஓரிடத்தில் எழுத்தாணி நின்றது. சொன்னவர் முதலில் சினந்து, பின் எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொண்டார் என்பர். குறை கண்டால் எந்தத் தொழிலாளியும் உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்பது டொயோட்டா ஆலையிலிருந்து உலகெங்கும் பரவிய நடைமுறை. அதற்குரிய ஜப்பானியச் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘ஆண்டான்’ என்றாகி வேறோர் உறவை நினைவூட்டிவிடுகிறது, அது தனிக்கட்டுரைக்குரியது.

இரண்டாமவர் எப்போதும் கிடைப்பதில்லை. அந்நிலையில் எழுதியவரே காலத்தால் வேறொருவராக வேண்டும். இதற்குச் சுழல்பணி எதிர்பாராத ஓர் உதவியைச் செய்கிறது. இரவு ஷிப்டில் எழுதியதை அடுத்த வாரம் பகல் ஷிப்டில் படிக்கும்போது உடல்நிலையும் மனநிலையும் மாறியிருக்கின்றன. எழுதிய ஷிப்டிலேயே திருத்துவதில்லை என்னும் ஒரே விதி எங்கள் வாசிப்பில் பிற உத்திகள் அனைத்தையும்விட மிகுதியான பயனைத் தந்தது.

வேலையையும் எழுத்தையும் ஒருங்கு நடத்தியமைக்கு உ.வே. சாமிநாதையரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை ஆகியவை கும்பகோணம் கல்லூரியில் அவர் ஆசிரியப்பணி புரிந்த காலத்தில் வெளிவந்தவை. அச்சுக்கூடம் சென்னையில், வகுப்பறை கும்பகோணத்தில். ஏட்டுக்கு ஏடு ஒப்புநோக்கியவர், அச்சுப்படிக்கும் அதே உழைப்பைச் செலுத்தினார். அடுத்தடுத்த பதிப்புகளிலும் திருத்திக்கொண்டே சென்றார். அக்காலப் பதிப்பு மரபில் நூலிறுதியில் பிழைதிருத்தப் பக்கம் இணைப்பது இயல்பு. தம் பிழையைத் தாமே எண்ணிட்டு வாசகருக்கு அறிவிக்கும் அவ்வழக்கம் இன்றைய ஆய்விதழ்களில் ஏறக்குறைய மறைந்துவிட்டது (இக்குறை நம் அனைவருக்கும் பொது). 1940இல், தம் 85ஆம் அகவையை ஒட்டி, அவர் ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் வாரத்தொடராகத் தொடங்கி 1942இல் மறையும் வரை எழுதினார்.

குற்றங்களின் பெயர்கள்

தன்னெழுத்தைத் திருத்த முனைவோருக்குத் தமிழ் இலக்கணம் தரும் பெருங்கொடை குற்றங்களுக்கு அது வகுத்துள்ள பெயர்களாகும். பெயரற்ற குறையைத் தேட இயலாது. தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் பத்துக் குற்றங்களைக் கூறினும் இரண்டு பட்டியல்களும் ஒன்றல்ல. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்பன இரண்டிற்கும் பொது. கேட்போர்க்கு இன்னாத யாப்பினதாதலைத் தொல்காப்பியம் தனிக்குற்றமாக வைக்கிறது. நன்னூல் அப்பெயரை வைக்கவில்லை. சென்று தேய்ந்திறுதல் நன்னூலில் உள்ளது. தொல்காப்பியப் பட்டியலில் இல்லை. இவ்வேறுபாட்டை உரைவழக்கின் வளர்ச்சியோடு இயைத்துக் காண இடமுண்டு. செவிக்கு இயற்றிய காலத்தில் கேட்போர் முன்நின்றனர். நூல் நீண்டு விரிந்த காலத்தில் தொடக்கத்தின் வலிமை இறுதிவரை நிற்குமா என்பது வினாவாயிற்று. இது இக்கட்டுரையாளரின் கருத்தே. உரையாசிரியர் எவர்மீதும் இதனை ஏற்றவில்லை.

சென்று தேய்ந்திறுதல் என்பதைத் தொழிலாளர் கதைகளில் கண்கூடாகக் காணலாம். முதற்பக்கத்தில் இயந்திரத்தின் எண்ணெய் மணம்வரை எழுதப்பட்டிருக்கும். இறுதிப்பக்கம் களைத்து நிற்கும். ஐந்து ஐந்து வாக்கியங்களாக எழுதப்படும் கதையில் இது நேர்வது இயல்பே. முடிவை முன்னரே எழுதிவிட்டு நடுப்பகுதிக்குத் திரும்புவது ஒருவருக்குக் கைகொடுத்தது. மாறுகொளக் கூறலும் இதே காரணத்தால் மிகுதி. ஒரு கதையில் மேற்பார்வையாளர் முதலில் மீசையுடன் வந்து, மூன்று வாரத்திற்குப்பின் எழுதப்பட்ட பகுதியில் மழித்த முகத்துடன் நின்றார். கதைமாந்தர், ஷிப்டு, கிழமை ஆகியவற்றுக்கு ஒரு செக் ஷீட் போட்டுக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தவர் தரச்சோதனைப் பிரிவில் பணியாற்றுபவர்.

கேட்போர்க்கு இன்னாத யாப்பை உரக்கப் படித்தே அறிய முடியும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் பிரியவேண்டும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே நான்கு வினையெச்சங்கள் அடுக்கியிருந்தால் இயைபு தவறுகிறது. “இயந்திரங்கள் நின்றது”, “ஒவ்வொரு தொழிலாளர்களும்” போன்ற பிழைகளைச் செவி எளிதில் பிடித்துக்கொள்கிறது. அவற்றை “இயந்திரங்கள் நின்றன”, “ஒவ்வொரு தொழிலாளரும்” எனத் திருத்த இலக்கணநூலைத் தேட வேண்டியதில்லை.

பணியும் பனியும்

செவி உதவாத இடம் ஒன்று உண்டு. அது இக்கட்டுரையாளரின் பிழையால் தெரியவந்தது. குழுவைச் சேர்ந்த ஒருவரின் முதல் கதை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பப்படுமுன் அதன் மெய்ப்பு இக்கட்டுரையாளரிடம் வந்தது. இரவு ஷிப்டைப் பற்றிய அக்கதையில் “இரவுப் பனி முடிந்து வெளியே வந்தபோது விடிந்திருந்தது” என்றொரு வாக்கியம். மூன்று முறை படித்தும், ஒருமுறை உரக்கப் படித்தும் அது பிழையாகத் தோன்றவில்லை. பனியும் இரவோடு முடிவதுதானே. எழுதியவர் எண்ணியதோ ‘பணி’. அச்சில் பனியாகவே வந்தது. வாசகர் ஒருவர் அப்படிமத்தைப் பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தார். கதையை எழுதியவர் அக்கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பன்னிரண்டு மணிநேர உழைப்பை ஒரு சுழி குறைந்து பனித்துளியாக்கிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவ்வாறே நேர்ந்திருந்தது.

எம்.ஏ., எம்.ஃபில். பட்டங்களும் அப்பிழையைத் தடுக்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது மூன்று படிகள் புலனாயின. கைபேசியில் ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்துத் தட்டும்போது பணி, பனி இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கோவை. அவசரத்தில் விரல் முதலில் தெரிவதைத் தொடுகிறது. இரண்டும் அகராதிச் சொற்கள் ஆகையால் பிழைதிருத்தி மென்பொருள் அடிக்கோடிடுவதில்லை. இப்பகுதிப் பேச்சில் ணகர னகர வேறுபாடு மெலிந்துள்ளமையால் உரக்கப் படிப்பதும் காப்பதில்லை. கரை – கறை, மனம் – மணம், அலை – அழை – அளை, குரை – குறை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஏரிக்கரையில் இறங்கியவர் ஏரிக்கறையில் இறங்கியதாக மற்றொரு படியில் இருந்தது. ஆலைக் கழிவைப் பற்றிய கதையாதலின் அதுவும் பொருந்தியே நின்றது.

ஆகவே எழுத்துப்பிழைக்குரிய வாசிப்பு பொருளை அறவே விலக்கிய வாசிப்பாக அமைதல் வேண்டும். கதையின் இறுதி வரியிலிருந்து மேல்நோக்கி, வரிவரியாக, சொல்லை மட்டும் பார்த்து வருவது இதற்கு ஏற்றது. அப்போது ‘பனி’ என்ற சொல் முன்பின் தொடர்பிலிருந்து கழன்று தனியே நிற்கும். இன்னொரு வழி தட்டெழுத்து முறையையே மாற்றுவதாகும். தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ணகரத்திற்கும் னகரத்திற்கும் தனித்தனி விசைகள் உள்ளன. எதனைத் தொடுவது என்று விரல் முன்னரே முடிவுசெய்ய வேண்டியிருப்பதால், பிழை நேரினும் அறியாமை வெளிப்படையாகத் தெரிகிறது. அகராதியைப் புரட்டும் தேவை எழுகிறது. முதலிரு வாரங்கள் வேகம் குறையும். அதன்பின் இழப்பில்லை.

ஒற்று மிகுதலும் மிகாமையும் தனி வாசிப்புக்குரியவை. “வேலை கொடுத்தான்” என்றால் பணி தந்தான். “வேலைக் கொடுத்தான்” என்றால் வேற்படையைத் தந்தான். வகுப்பறையில் இவ்வெடுத்துக்காட்டு சிரிப்பை விளைவிக்கும். ஒப்பந்தப் பணியிலிருந்து நிலைப்பணியை எதிர்பார்த்திருப்பவரின் கதையில் அவ்வொற்று மிகுந்து வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அ.கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஆகிய இரண்டும் கையில் இருப்பின் பெரும்பாலான ஐயங்கள் தீரும்.

திருத்தக் கூடாதவை

பிழையையும் வழக்கையும் பிரித்தறியாத திருத்தம் எழுத்தைச் சிதைத்துவிடும். “சொல்லிக்கினே” என்பதைக் “கூறிக்கொண்டே” என மாற்றுவது பிழைதிருத்தமாகாது. உரையாடலுக்கு அது பொருந்தும் எனப் பலரும் ஏற்பர். சிக்கல் ஆலைச் சொற்களில் எழுகிறது. லைன், ரீவொர்க், ரிஜெக்ஷன், ஓ.டி. ஆகியவற்றை ஒருமுறை இக்கட்டுரையாளர் தூய தமிழாக்கிக் கொடுத்தார். எழுதியவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது வேற கம்பெனிண்ணா” என்றார்.

நன்னூலார் தகுதி வழக்கின் ஒரு வகையாகக் குழூஉக்குறியை ஏற்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை உரைகள் எடுத்துக்காட்டும். ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்லுக்கு இலக்கணம் இடமளித்திருக்கையில், ஆலைத் தொழிலாளரின் சொற்களைக் குழூஉக்குறியாகக் கொள்ளத் தடையில்லை. குழூஉக்குறி குழுவுக்கு வெளியே உள்ள வாசகருக்கு மயக்கம் தரக்கூடாது என்பது மட்டுமே அங்குத் திருத்துவோர் காண வேண்டியது. முதன்முறை வரும் இடத்தில் சூழலால் பொருள் விளங்கினால் போதும்.

இதில் தீராத ஒரு சொல் உண்டு. இப்பகுதி ஆலைகளில் ‘சி.எல்.’ என்றால் ஒப்பந்தத் தொழிலாளர். அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் அது தற்செயல் விடுப்பு. குழுவில் இப்போது வாசிப்பிலுள்ள கதை ஒன்று “நான் ஆறு வருஷமா சி.எல்.” என்று தொடங்குகிறது. ஆறு ஆண்டுகள் விடுப்பிலிருந்தவரின் கதை என்று பேராசிரியர் ஒருவர் படித்துக்கொள்ளக்கூடும். இது நன்னூல் கூறும் மயங்க வைத்தல் என்பது இக்கட்டுரையாளரின் நிலைப்பாடு. அம்மயக்கமே தமக்கு வேண்டும் என்றும், ஆறு ஆண்டுகளாக இருந்தும் இல்லாதவராகத் தம்மை ஆலை வைத்திருப்பதை அவ்விரு பொருளும் சேர்ந்தே சொல்கின்றன என்றும் எழுதியவர் வாதிடுகிறார். இவ்வாரம் அவருக்கு இரவு ஷிப்டு. விதிப்படி, முடிவு அடுத்த வாரத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.